மறுமொழி: 'டெட் ஸ்பேஸ்' தமிழில் என்ன?

வணக்கம்.

இழுத்த காற்று வந்தும் ரத்தத்தோடு வாயு மாறாத இடத்தை மருத்துவத்தில் 'டெட் ஸ்பேஸ்' என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் 'இறந்த வெளி' வேண்டாம் என்பதே என் கட்சியும். மூச்சுத்திணறலோடு படுத்திருப்பவரின் வீட்டாரிடம் "நுரையீரலில் இறந்த வெளி கூடியிருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், அழுதுவிடுவார்கள். 'வெற்றிடம்' இயற்பியலில் ஏற்கெனவே குடியேறிவிட்ட சொல். இங்கேயோ இடம் முழுக்கக் காற்று.

'வீண் இடம்' பலருக்கும் பிடித்திருக்கிறது. எனக்கு அதில்தான் தயக்கம். ஆக்சிஜன் ரத்தத்துக்குள் விரவுவதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதும் நுரையீரலின் கடைக்கோடியிலுள்ள குட்டிக் காற்றுப்பையான காற்று நுண்ணறையில். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டர்கூட இருக்காது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல், அதன் பெரிய கிளைகள் எல்லாம் சுவர் தடித்தவை, அங்கே வாயு மாறுவதில்லை. அதற்காக அவை சும்மா இல்லை. காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியைச் சளியில் பிடித்துவைத்துத்தான் உள்ளே அனுப்புகின்றன. அவை செய்யாதது பரிமாற்றம் ஒன்றுதான். பெயரும் அதையே சொல்லட்டும்: 'பரிமாறா இடம்'.

(பந்தியில் சாம்பார் வராத மூலையா என்று கேட்பீர்கள். கேளுங்கள், பொருள் அப்படியொன்றும் தப்பில்லை.)

வகுப்பில் வரும் கணக்கிலேயே இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒருவர் மூச்சுக்கு 500 மி.லி. இழுக்கிறார், பரிமாறா இடம் 150 மி.லி. நிமிடத்துக்கு 12 மூச்சு என்றால் நுண்ணறைக்குப் புதிதாகச் சேர்வது 350 × 12 = 4,200 மி.லி. அவரே 250 மி.லி. வீதம் 24 முறை மேலோட்டமாக இழுத்தால்? மொத்தம் அதே 6,000தான். ஆனால் நுண்ணறைக்குப் போவது 100 × 24 = 2,400. மேல்மூச்சு வாங்குபவருக்கு எவ்வளவு வேகமாக இழுத்தாலும் போதாமல் இருப்பது இதனால்தான். 'வீண்' என்று போட்டால் மாணவர் மனப்பாடம் செய்வார். 'பரிமாறா' என்றால் ஏன் கழிக்கிறோம் என்பது சொல்லிலேயே இருக்கிறது.

அடைமொழிக்கும் வளைந்து கொடுக்கிறது. குழல்களில் இருப்பது உடற்கூற்றுப் பரிமாறா இடம். நுரையீரல் தமனியை ரத்தக்கட்டி அடைத்தால் அதற்கு அப்பாலுள்ள நுண்ணறைகளுக்குக் காற்று வரும், ரத்தம் வராது. அது நுண்ணறைப் பரிமாறா இடம். வென்டிலேட்டர் குழாயில் நிற்பது கருவிப் பரிமாறா இடம். வெளிவிடும் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை வைத்து இந்த அளவைக் கணக்கிட 1891இல் வழிகாட்டியவர் டென்மார்க்கின் உடலியங்கியல் அறிஞர் கிறிஸ்டியன் போர், அணு இயற்பியலாளர் நீல்ஸ் போரின் அப்பா. அதற்கும் 'போர் சமன்பாடு' என்றே எழுதலாம். என்ன, சண்டைக் கணக்கு என்று யாராவது நினைக்கக்கூடும்!

சரி, இதற்கு நேரெதிரானது பாக்கி. நிமோனியாவில் நுண்ணறைக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ரத்தம் வந்தும் காற்று வராததால் ஆக்சிஜன் ஏறாமலே இதயத்துக்குத் திரும்பிவிடும். இந்த 'ஷன்ட்'டை இப்போதைக்கு 'குறுக்குப்பாய்வு' என்று எழுதிவருகிறேன். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.