ஐநோடுக்குத் தமிழில் 'கோப்பேடு' சரிவருமா?

வணக்கம் ஐயா,

யூனிக்ஸ், லினக்ஸில் ஒவ்வொரு கோப்பைப் பற்றிய விவரத்தையும் வட்டில் வைத்திருக்கும் சிறு பதிவுதான் ஐநோடு (inode). அதற்குக் 'கோப்பேடு' என்று நான் சொன்னதற்கு நீங்கள் எழுதியது:

> சுட்டுக்கணு என்றே வைத்துவிடலாமே, மூலச்சொல்லும் அதுதானே

அங்கேதான் இடிக்கிறது. 'சுட்டு' இண்டெக்ஸுக்கு, 'கணு' நோடுக்கு என்று வைத்திருக்கிறீர்கள். ஐநோடில் உள்ள 'ஐ' எதைக் குறிக்கிறது என்று யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியிடமே கேட்டிருக்கிறார்கள். தனக்கும் தெரியாது, 'இண்டெக்ஸ்' ஆக இருக்கலாம் என்று ஊகமாகத்தான் சொன்னார். அப்புறம் நாம் மட்டும் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? கணு என்றால் கரும்புதான் ஞாபகம் வருகிறது.

எனக்கு இந்தச் சொல் போன மாதம் அவசரமாகத் தேவைப்பட்டது. சிங்கப்பூர் ஜூரோங்கில் நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் புதுக் கோப்பே எழுத முடியவில்லை, இடமில்லை என்கிறது. வட்டில் இடம் எவ்வளவு என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளை போட்டால் 40 ஜிபி வட்டில் பாதிக்கு மேல் காலி! பக்கத்து இருக்கைத் தம்பி வட்டு பழுது என்றே முடிவுகட்டிவிட்டார். ஐநோடுகளை எண்ணிக் காட்டும் டிஎஃப் -ஐ (df -i) போட்டதும் குட்டு வெளிப்பட்டது: ஐநோடுகள் மொத்தம் 2,621,440, மிச்சம் 0. ஒரு வலைச்செயலி அழிக்காமல் விட்ட செஷன் கோப்புகள், ஒவ்வொன்றும் சில நூறு பைட்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐநோடு. அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை போட்டால் பட்டியல் நீளம் என்று மறுத்துவிட்டது, ஃபைண்ட் கட்டளையில் -டிலீட் கொடுத்துத்தான் துடைத்தேன்.

தம்பிக்கு எப்படி விளக்கினேன் தெரியுமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தபால் பெட்டிகள் இருக்கிறதல்லவா, அதை வைத்துத்தான். பெட்டியில் வீட்டு எண் இருக்கும், பேர் இருக்காது. ஐநோடிலும் உரிமையாளர், அனுமதி, அளவு, நேரம், தரவு வட்டில் எங்கே கிடக்கிறது எல்லாம் உண்டு, கோப்பின் பெயர் மட்டும் கிடையாது, அது அடைவில் (டைரக்டரியில்) இருக்கிறது. புளோக் கட்டும்போதே பெட்டிகளின் எண்ணிக்கை முடிந்துவிடுவது போல, இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமையில், வட்டைத் தயார்செய்யும் எம்கேஎஃப்எஸ் (mkfs) ஓடும்போதே வழக்கமாக 16,384 பைட்டுக்கு ஒன்று என்று வெட்டிவைத்துவிடுகிறது. பிறகு கூட்ட வேண்டுமென்றால் வட்டுப் பகுதியையே பெரிதாக்க வேண்டும், அதே விகிதத்தில் கூடும். இல்லையென்றால் தரவை நகலெடுத்து வைத்துவிட்டு -ஐ (-i, எத்தனை பைட்டுக்கு ஒன்று என்ற) மதிப்பைக் குறைத்து முதலிலிருந்து எம்கேஎஃப்எஸ்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'கோப்புப் பெட்டி' என்றால் உள்ளே கோப்பு இருப்பதாக ஆகிவிடும், தப்பு. அதனால்தான் கோப்பேடு. பதிவேடு, பேரேடு எல்லாம் முழுப் புத்தகம் ஆயிற்றே என்று குழுவில் ஓர் அக்கா கேட்டது நியாயம்தான், ஆனால் ஏடு என்பது முதலில் ஒற்றை ஓலை; கட்டினால்தான் சுவடி. ஒரு கோப்புக்கு ஓர் ஓலை, ஓலையை முன்கூட்டியே நறுக்கி வைத்தாயிற்று. கோப்பேட்டு வரம்பு, கோப்பேட்டு அட்டவணை என்று தடங்கலில்லாமல் சேரவும் செய்கிறது, சுட்டுக்கணுவை இப்படி நீட்டிப் பாருங்கள்.

எக்ஸ்எஃப்எஸ் (XFS) என்ற இன்னொரு கோப்பு முறைமை ஐநோடுகளைத் தேவைக்கேற்ப நறுக்கிக்கொள்ளும், அங்கே வட்டில் ஐநோடுகளுக்கான உச்ச விழுக்காடு மட்டும்தான், அதையும் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் -எம் (xfs_growfs -m) கட்டளை கொண்டு மாற்றலாம். ஆகவே 'வரம்பு' இரண்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கோப்பேட்டு எண்ணா, கோப்பேட்டு இலக்கமா? இலங்கை நண்பர்கள் சொல்லுங்கள்.