புதுப்பிப்பு: யூஎஸ்டிஏ (அமெரிக்க வேளாண் துறை) கிராமப்புற வீட்டுக்கடன் கிடைத்துவிட்டது

"வருமானம் வரம்பைத் தாண்டுகிறது, யூஎஸ்டிஏ கடன் தர முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்" என்று ஓஹையோவிலிருந்து இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன வாரம் சாவி கைக்கு வந்துவிட்டது.

கைகொடுத்தது குழந்தைக் காப்பகச் செலவைப் பற்றிச் சொன்னவரின் யோசனைதான். கடன் தகுதிக்கு மொத்தச் சம்பளத்தை அப்படியே பார்ப்பதில்லை. வேலைக்குப் போவதற்காகச் சின்னப் பிள்ளைகளைக் காப்பகத்தில் விடும் செலவைக் கழித்த பிறகுதான் வரம்போடு ஒப்பிட வேண்டும். முதல் வங்கியில் அதைக் கழிக்கவே இல்லை. ரசீதுகளை மாதவாரியாக அடுக்கி வேறொரு வங்கிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அம்மா கணக்குப் போட்டு, கடைசி எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். வரம்புக்குள் வந்திருந்தது! அந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

எதிர்பாராதது: எங்களோடு குடியிருக்கும் தம்பிக்குக் கடனில் பங்கே இல்லை, ஆனாலும் அவன் சம்பளத்தையும் சேர்த்தார்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருடைய வருமானமும் கணக்கில் வரும்.

முன்பணம் கிடையாது. வங்கி தரும் கடனுக்கு அரசு உத்தரவாதம் நிற்பதற்கான 1 சதவீதக் கட்டணத்தைக் கடனிலேயே சேர்த்துக்கொண்டோம். அப்புறம் மீதமுள்ள கடனில் ஆண்டுக்கு 0.35 சதவீதக் கட்டணம், மாதத் தவணையோடு போகும். வங்கி ஒப்புக்கொண்ட பிறகும் கோப்பு அரசு அலுவலகத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதனால் வீடு வாங்கும் ஒப்பந்தத்தில் கூடுதல் நாள் கேட்டு வையுங்கள். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் கிடையாது. எங்களிடம் கிரீன் கார்டு இருந்தது.