2024 புத்தகம் புதிய பதிப்பா, பழையதன் திருத்தமா? சனிக்கிழமை மேசைக்கு ஒரு முடிவு வேண்டும்

சிப்புட் டிஎம்:
சுங்கை சிப்புட்டில் நம் சனிக்கிழமை மேசை இன்னும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம், சுருக்கமாக டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பின் 2014 புத்தகத்தில்தான் ஓடுகிறது. போன வாரம் தோட்டத்திலிருந்து புதிதாக வந்த தம்பி, 2024 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் (ஆடுபவர்களுக்கான விதிப்புத்தகம்) செய்த பாலடினை (புனிதப் போர்வீரர் பாத்திரம்) மேசையில் வைத்தார். "இது புதிய பதிப்பு இல்லை, பழைய புத்தகங்களோடு ஒத்துப்போகும்" என்பது வெளியீட்டாளர் கட்சி. என் கட்சி வேறு. இது ஆறாம் பதிப்புதான், அட்டையில் நம்பர் போடவில்லை, அவ்வளவுதான். ஏற்கிறவர்களும் மறுக்கிறவர்களும் காரணத்தோடு எழுதுங்கள். "கம்பெனிக்காரன் காசு பார்க்கிறான்" என்று மட்டும் எழுத வருகிறவர்கள் தே தாரிக் குடித்துவிட்டு நாளை வரவும்.

லய வீட்டு லிச்:
மறுக்கிறேன் அண்ணே. பழைய சாகசத்தை (அச்சில் வந்த கதைப் புத்தகம்) எடுத்து மேசையில் விரித்தால் ஓடுகிறதா, இல்லையா? ஓடினால் அதே பதிப்பு. நாம் எல்லோரும் ஆடிய 2014 ஸ்டார்ட்டர் செட்டையே (புதியவர்களுக்கான தொடக்கப் பெட்டி) பாருங்கள். பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கும், புதருக்குள் கோப்லின்கள் (குட்டிப் பூதங்கள்) பதுங்கியிருக்கும். 2014 விதிப்படி பதுங்கியதைக் கவனிக்காதவனுக்கு முதல் சுற்றில் அசையவே முடியாது. 2024 விதிப்படி, சண்டையில் யார் முதலில் என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். மாறுவது அந்த ஒரு இடம்தான். குகை, வரைபடம், கதை எதையும் தொடத் தேவையில்லை.

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது இப்படியா இருந்தது? மூன்றாம் பதிப்புச் சாகசத்தை அதில் ஓட்ட, சண்டைகளை ஒவ்வொன்றாக மறுபடி எழுத வேண்டியிருந்தது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட மாதிரி. தோட்டத்துப் பெயர்ப்பலகை அப்படியே நிற்கும், பால்வெட்டுக் கத்தியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதுதான் புதிய பதிப்பு.

கித்தாக்காட்டு பாலடின்:
தம்பி லிச், நீ டிஎம் (ஆட்டத்தை நடத்துகிறவர்) திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுகிறாய். சாகசத்தை வாசிக்கிறவர் ஒருவர்தான். மேசையில் மற்ற எல்லோர் கையிலும் இருப்பது கேரக்டர் ஷீட், அவரவர் பாத்திரத்தின் திறன்கள் எழுதிய தாள். அதை வைத்து அளந்து பார்.

என் பாலடின் 2014இல் பிறந்தவள். ஐந்தாம் லெவலில் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. இரண்டும் பட்டால் இரண்டிலும் ஸ்மைட் (அடியோடு சேரும் புனிதத் தாக்குதல்) போடலாம், ஸ்லாட் (மந்திர இருப்பு) இருந்தால் போதும். புது தம்பியின் பாலடினுக்கு ஸ்மைட் ஒரு ஸ்பெல்லாகிவிட்டது (மந்திரம்), சுற்றுக்கு ஒருமுறையே கிடைக்கும் போனஸ் ஆக்‌ஷனும் செலவாகும். அதனால் சுற்றுக்கு ஒன்றுதான். எதிரில் மந்திரவாதி இருந்தால் கவுண்டர்ஸ்பெல் (மந்திரத்தை முறிக்கும் மந்திரம்) போட்டு அதையும் அணைத்துவிடுவான். பெயர் ஒன்று, லெவல் ஒன்று, ஆட்டம் இரண்டு. 2014இல் கிளெரிக் (பூசாரி வகுப்பு) முதல் லெவலிலேயே தன் உட்பிரிவைத் தேர்ந்தெடுத்துவிடுவார், இப்போது எல்லா வகுப்புக்கும் மூன்றாம் லெவலில்தான். பாத்திரத்தின் இனத்தோடு வந்த திறன் புள்ளிகள் இப்போது அதன் பின்னணியோடு (முன்பு செய்த தொழில், வாழ்க்கை) வருகின்றன. ஹாஃப் எல்ஃப், ஹாஃப் ஆர்க் என்ற இனங்கள் இரண்டும் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் இல்லை. இதற்கு மேலும் என்ன மாற வேண்டும்?

புது வரவு:
அந்தத் தம்பி நான்தான் 🙂 அக்கா, பழைய இனத்தையும் பழைய பின்னணியையும் எப்படிச் சேர்ப்பது என்று 2024 புத்தகத்திலேயே ஒரு பெட்டிச் செய்தி இருக்கிறது. பழைய இனத்தில் வரும் புள்ளியை விட்டுவிட வேண்டும், பழைய பின்னணியாக இருந்தால் புள்ளியை நாமே போட்டுக்கொள்ளலாம். புதிய ஆட்டமாக இருந்தால் இதை ஏன் அச்சடிக்கப் போகிறார்கள்?

தே தாரிக் கோப்லின்:
அக்காவின் அளவுகோலை வேறு ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 1981இல் வந்த கால் ஆஃப் துலு, திகில் கதை ஆட்டம். முதல் பதிப்பிலிருந்து ஆறு வரை ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லை, எந்த மேசையில் எது கிடந்தாலும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அக்கா கணக்குப்படி அந்த ஆறும் ஒரே பதிப்பு. ஏழாம் பதிப்பில் ஷீட்டைக் கலைத்தார்கள். 13ஆக இருந்த வலிமை 65 ஆனது. எதிர்த்து உருட்டுவதற்கென்று இருந்த பழைய அட்டவணை போய்விட்டது, போனஸ் பகடை வந்தது. ஆனாலும் 1981 சாகசத்தை எடுத்து, திறன் எண்களை ஐந்தால் பெருக்கிவிட்டு அன்று இரவே ஓட்டலாம். லிச் கணக்குப்படி ஏழும் பழைய பதிப்புதான், அட்டையில் மட்டும் 7. ஆக, அட்டை நம்பர் உங்கள் இருவரில் யாருக்கும் சாட்சி சொல்லாது.

சிப்புட் டிஎம்:
அதைத்தானே நானும் சொல்கிறேன். அட்டையை நம்பாதீர்கள். 1977–79இல் அட்வான்ஸ்ட் டி அண்ட் டி வந்தபோது, இது தனி ஆட்டம் என்று அப்போதைய வெளியீட்டாளர் டிஎஸ்ஆர் சொன்னது. கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இன் முதல் டி அண்ட் டி ஆட்டத்தை எழுதிய டேவ் ஆர்னிசன் ராயல்டி கேட்டு 1979இல் வழக்குப் போட்டார், 1981இல் சமரசமானது. ராயல்டி கொடுக்க வேண்டுமா என்பதே அந்தத் "தனி ஆட்டம்" என்ற பேச்சில்தான் தொங்கியது. இன்றைக்குத் தலைகீழ். பழைய புத்தகம் கடையில் தேங்கக்கூடாது என்றால் "அதே ஆட்டம்தான்" என்று சொல்லியாக வேண்டும்.

லய வீட்டு லிச்:
"கம்பெனிக்காரன் காசு பார்க்கிறான்" என்று எழுதக்கூடாது என்று யாரோ சொன்னதாக ஞாபகம் அண்ணே 😄

கித்தாக்காட்டு பாலடின்:
சிரித்து முடித்துவிட்டு 3.5க்குப் பதில் சொல். 2000இல் மூன்றாம் பதிப்பு, 2003இல் 3.5. சாகசங்கள் ஏறக்குறைய அப்படியே ஓடின, உன் அளவுகோலில் பாஸ். ஆனால் ரேஞ்சரின் (காட்டுவீரர் வகுப்பு) உயிர்ப்பகடை, அதாவது உயிர்ப்புள்ளிக்கு உருட்டும் பகடை, பத்து முகத்திலிருந்து எட்டு முகத்துக்கு இறங்கியது. வேகம் கூட்டும் ஹேஸ்ட் ஸ்பெல் முன்பு ஓர் ஆக்‌ஷனைக் கூடுதலாகத் தந்தது, அப்புறம் அதற்குப் பதில் ஓர் அடியைத்தான் கூட்டித் தந்தது, இன்னொரு ஸ்பெல் போட முடியாது. மந்திரவாதி ஆடியவர்களைக் கேட்டுப் பார், அது வேறு ஆட்டம் என்பார்கள். அதற்காவது அட்டையில் 3.5 என்று நேர்மையாகப் போட்டார்கள். கடையில் "எது வேண்டும்" என்று கேட்டால் பதில் சொல்ல முடிந்தது. இன்றைக்கு ஈப்போவில் போய் "ஐந்தாம் பதிப்பு கொடுங்க" என்று கேட்டால் எதை எடுத்து நீட்டுவார்?

லய வீட்டு லிச்:
சரி, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, நம்பர் போட்டிருக்கலாம்தான். ஆனால் 3.5 என்பது மூன்றின் திருத்தம் என்று அந்த எண்ணே சொல்கிறதே அக்கா. யாரும் அதை நான்கு என்று எண்ணவில்லை. அதனால்தான் 2008இல் வந்ததற்கு நான்கு என்று பெயர். 2024ஐ 5.5 என்று கூப்பிடுங்கள், நானும் கூப்பிடுகிறேன். ஆறு என்று மட்டும் சொல்லாதீர்கள். டி அண்ட் டியின் போட்டி ஆட்டமான பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பையும் 2023இல், டி அண்ட் டி விதிகளைப் பிறர் பயன்படுத்தும் லைசென்ஸ் பற்றிய சண்டைக்குப் பிறகு, மாற்றி அச்சடித்தார்கள். நல்லவன் கெட்டவன் என்று பிரிக்கும் அலைன்மென்டையே தூக்கிவிட்டார்கள். அதை மூன்றாம் பதிப்பு என்று எந்த மேசையில் சொல்கிறார்கள்?

தே தாரிக் கோப்லின்:
5.5க்கு என் ஓட்டு. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒத்துப்போகும் என்பது இரண்டு வேறு சங்கதி. பழைய சாகசத்துக்குள் புதிய ஆள் போவது ஒன்று, அதில் சிக்கலே இல்லை. பழைய ஆளும் புதிய ஆளும் ஒரே சண்டையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது இன்னொன்று. வெளியீட்டாளர் முதலாவதைச் சொல்கிறார், அக்கா இரண்டாவதைக் கேட்கிறார். இது தெரியாமல் இருவரும் மாறி மாறிப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

சிப்புட் டிஎம்:
பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் என் தலைவலி. எல்லோரும் புதிய புத்தகம் வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2024இல் வந்தபோது அமெரிக்க விலையே 49.99 டாலர், நம் காசுக்கு ஏறக்குறைய 200 ரிங்கிட். ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிற பையன்களிடம் அதைக் கேட்க முடியுமா? இரவல் புத்தகத்தில் ஆடட்டும். அதனால் சனிக்கிழமை முடிவு இது: சாகசம் பழையது, பொது விதிகள் 2014, கேரக்டர் எந்தப் புத்தகத்தில் பிறந்ததோ அந்தப் புத்தகத்துப்படி. பெயர் 5.5. ஆறு என்ற என் கட்சியை நான் விடவில்லை, மேசைக்காக இறங்கி வருகிறேன்.

புது வரவு:
நன்றி அண்ணே. அப்போ ஒரே சுற்றில் அக்காவுக்கு இரண்டு ஸ்மைட், எனக்கு ஒன்றா?

கித்தாக்காட்டு பாலடின்:
ஆமாம் தம்பி. "ஒத்துப்போகும்" என்று சொன்னவர்களிடம் போய்க் கேள்.