அம்மாவுக்கு முழங்கால் நோ, ஸ்டீம் பாத் எடுக்கலாமோ?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 64 வயசு, ரெண்டு முழங்காலும் தேஞ்சு போச்சு எண்டு டொக்டர் சொன்னவர், பிரஷருக்கும் குளிசை போடுறா. எங்கட ஒழுங்கைக்குப் பக்கத்தில புதுசா திறந்த ஒரு இடத்தில பத்துத்தரம் ஸ்டீம் பாத் எடுத்தா நோ போயிடும், உடம்பில இருக்கிற நச்செல்லாம் வேர்வையோட இறங்கும் எண்டு சொல்லியிருக்கினம், அவவும் காசு கட்டுவம் எண்டு நிக்கிறா. எனக்கு மனம் ஒப்பேல்ல. எடுத்த ஆக்கள் இருந்தா சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை:
என்ர மாமி எடுத்தவ அக்கா. முதல் நாள் நல்ல சுகம் எண்டா, ரெண்டாம் நாள் வெளிய வரேக்க கண் இருண்டு சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ, அதோட விட்டாச்சு. ஆனா பின்லாந்தில சவுனா எண்ட சூட்டு அறைக்குப் போற ஆக்களுக்கு இதயத்துக்கு நல்லதெண்டு வாசிச்சன், அது பொய்யோ?

தெஹிவளை பிசியோ:
பொய்யில்ல தம்பி. 2015ல வந்த ஆய்வு, 2,315 ஆம்பிளையளை 20 வருசமளவு பாத்தவை, கிழமைக்கு 4-7 தரம் போனவையில திடீர் இதயச் சாவு குறைவு. ஆனா அது கிட்டத்தட்ட 80 பாகை உலர் சூடு, பழகின உடம்புகள், ஒரு பொம்பிளையும் அதில இல்லை. ஸ்டீம் அறை 40-50 பாகைதான், ஆனா காத்து முழுக்க ஈரம், வேர்வை காயாது, உடம்பு ஆற வழியில்ல. ரத்தக்குழாய் விரிஞ்சு பிரஷர் இறங்கும், குளிசையும் சேர்ந்தா எழும்பேக்க தலை சுத்தும், உங்கட மாமிக்கு நடந்ததும் அப்பிடித்தான் இருக்கும். இந்த வயசில விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சா முழங்கால் நோவை விடப் பெரிய கஷ்டம்.

நச்சுக் கதையை நம்பாதேங்கோ தங்கச்சி. வேர்வையில போறது பெரும்பாலும் தண்ணியும் உப்பும்தான், கழிவைப் பாக்கிறது ஈரலும் சிறுநீரகமும்.

சூட்டில தசை இளகிக் கொஞ்ச நேரம் சுகமா இருக்கும், அது உண்மை. முழங்காலுக்கு எண்டா நான் சொல்லுறது வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள நடக்கிறது. இடுப்பளவு தண்ணியில நிண்டா உடம்புப் பாரத்தில பாதியளவுதான் காலுக்கு வரும், நெஞ்சளவெண்டா மூண்டில ஒரு பங்கு, நோகாம தொடைத் தசையைப் பலப்படுத்தலாம், தொடைத் தசை பலமானாத்தான் மூட்டுக்கு ஆறுதல். தண்ணி 33-36 பாகை இருந்தா நல்லம். டொக்டரிட்டக் கேட்டிட்டு, முதல் நாள் ஒரு பிசியோவோட இறக்குங்கோ.

வெள்ளவத்தை மகள்:
பெரிய உதவி அண்ணா, காசு கட்டேல்ல. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், சரியாம், ஆனா என்ன உடுப்போட தண்ணிக்க இறங்கிறது எண்டு வெக்கப்படுறா.

தெஹிவளை பிசியோ:
என்னட்ட வாற அம்மாக்கள் கனபேர் முழங்காலுக்குக் கீழ வாற லெகிங்ஸும் நைலோன் டீசேர்ட்டும்தான் போடுறவை. பருத்தி வேண்டாம், தண்ணி ஊறிப் பாரமாகிக் காலை இழுக்கும். ஒரு துவாயும், வெளிய வந்த உடன குடிக்கத் தண்ணிப் போத்தலும் கொண்டு போங்கோ.