வீடு மாறும்போது பழைய சாமான்களைத் தொண்டுக் கடைக்குக் கொடுப்பது எப்படி? (பினாங்கு)

ஜெலுத்தோங்வாசி:
வணக்கம். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இரண்டு கதவு ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர், பலகை அலமாரி, மெத்தை, குழந்தையின் கார் இருக்கை, ஐந்தாறு பை துணி உள்ளன. சால்வேஷன் ஆர்மி மாதிரியான கடைகள் எதையெல்லாம் எடுத்துக்கொள்ளும்? வருமான வரியில் கழிக்க முடியுமா?

ஆயர் ஈத்தாம் அண்ணன்:
தங்கச்சி, இந்தக் கடைகள் சாமானை விற்றுத்தான் தொண்டுக்குப் பணம் சேர்க்கின்றன. விலைபோகாததைக் குப்பைக்கு ஏற்றும் லோரிக் கூலியும் அதே பணத்தில்தான் போகும். அதனால் நாளைக்கே விற்கக்கூடியதை மட்டும் கொடுங்கள்.

முதலில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புங்கள்: முன்பக்கம், உள்பக்கம், அடிபட்ட இடம். நீள அகலம், எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா என்பதையும் எழுதுங்கள். பூட்டிய கடை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். ஒரு மழை போதும், எல்லாம் வீண்.

அலமாரி அமுக்குப்பலகை (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது) என்றால் கவனம். ஒருமுறை கழற்றிப் பூட்டினாலே திருகு ஓட்டை தளர்ந்துவிடும். முடிந்தால் முழுசாகவே ஏற்றுங்கள். கழற்றியே ஆகவேண்டுமானால் திருகுகளைச் சின்னப் பையில் போட்டு, கதவின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். அடியில் மாவு மாதிரி தூள் கொட்டினால் பூச்சி இருக்கிறது. கொடுக்காதீர்கள்.

வயர்மேன்_பட்டர்வொர்த்:
ஐஸ்பெட்டியை முதல் நாளே அணைத்து, ஐஸ் கரைந்ததும் துடைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். ஈரத்தோடு மூடினால் ரப்பர் ஓரத்தில் பூஞ்சை பிடித்துவிடும், வாடையும் போகாது. லோரியில் நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். படுக்கப்போட்டால் கம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். படுக்கவைத்துக் கொண்டுபோனால் சில மணி நேரம் நிறுத்திவைத்த பிறகே சுவிட்ச் போட வேண்டும்.

ரைஸ் குக்கரின் உள்சட்டிப் பூச்சு உரிந்திருந்தால் யாரும் வாங்கமாட்டார்கள். வயர், மூடி, அளவுக் கப் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். டேப் சுற்றிய வயர், விரிசல் விட்ட பிளக் எதையும் அப்படியே தராதீர்கள், அது அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது.

கவிதா_கேஎல்:
மெத்தையை மூட்டைப்பூச்சிக்குப் பயந்து பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். தையலோரம் கறுப்புப் புள்ளி தெரிந்தால் துணிகளையும் டோபி கடை டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள், முட்டையும் செத்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகே கட்டுங்கள். கறுப்புப் பை வேண்டாம், குப்பை என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

கார் இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்பதால் கேட்பவர்கள் உண்டு. ஆனால் ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர ஒட்டுத்தாளும் காலாவதித் தேதியும் பாருங்கள். விபத்தில் சிக்கிய இருக்கை என்றால் வாரை வெட்டிவிட்டுத்தான் எறிய வேண்டும், வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது.

வரிக் கழிவு கிடைக்காது. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குத் தரும் பணத்துக்குத்தான், பொருளுக்கு இல்லை. மெத்தையைத் தூக்கிப் போட பினாங்கு மாநகர் மன்றத்தைக் கேளுங்கள். கோலாலம்பூர் போல அங்கே ஆலாம் ஃப்லோரா என்ற குப்பை அள்ளும் நிறுவனம் வராது.