பெட்டிக்கடைச் சிகரெட்டுக்குப் பிரதேச சபை லைசன்: உபவிதியை எப்படி எழுதுவது?

குளக்கட்டு:
இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரெட் விற்பது குற்றம். ஆனால் பிடிபட்ட கடை தண்டத்தைக் கட்டிவிட்டு மறுநாளும் விற்கலாம். வன்னிப் பிரதேச சபை ஒன்று புகையிலைக்கென்று தனி அனுமதிப்பத்திரம் கொண்டுவந்தால், அதை ரத்துச் செய்யலாம்தானே? பிரேரணையை எங்கே தொடங்குவது?

சபைக்கோப்பு:
1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் தொடங்குங்கள். முதலில் உபவிதி (சபை தன் எல்லைக்குள் போடும் விதி), பிறகுதான் கட்டணம். சபையில் தீர்மானம் நிறைவேற்றி, மாகாண உள்ளூராட்சி அமைச்சரின் அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வந்த பிறகே அது சட்டம். அதிகாரம் தரும் பிரிவை முகவுரையிலேயே எழுதுங்கள்.

கட்டணத்தை நம்ப வேண்டாம். கலிபோர்னியாவில் பல நகர சபைகள் பரிசோதனைச் செலவு முழுவதையும் லைசன் கட்டணத்திலேயே எடுக்கின்றன. இங்கே பிரதேச சபைகள் சட்டத்தின் 149ஆம் பிரிவின்படி கடையின் ஆண்டுப் பெறுமதி (வரிக்காகச் சபை மதிப்பிடும் வருட வாடகைப் பெறுமதி) 1500 ரூபாவைத் தாண்டினாலும் உச்சம் 1000 ரூபாதான். அது பி.எச்.ஐ.யின் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரின்) பெற்றோலுக்கே காணாது. ஆகவே உபவிதியின் பலம் இடைநிறுத்தத்தில் இருக்கவேண்டும்: முதல் தடவை 30 நாள், இரண்டாம் தடவை 90 நாள், மூன்றாவதில் ரத்து. ரத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல், விளக்கம் சொல்ல 14 நாள் என்பதைக் கட்டாயம் சேருங்கள். இல்லாவிட்டால் நீதிமன்றில் நிற்காது.

பரிசோதகர்:
இன்னொன்று. கடைக்காரர் மனைவி பெயரில் புது லைசன் எடுத்துவிடுவார். தடை ஆளோடு மட்டும் நில்லாமல் அந்தக் கட்டடத்தோடும் போகவேண்டும்.

சோதனைக் கொள்வனவுக்கு (கடை விற்கிறதா என்று பார்க்க ஆளனுப்பி வாங்குவதற்கு) 19, 20 வயது இளைஞர்களே போதும். சட்டத்தின் வயது 21 என்பதால் சிறுவரை அனுப்பத் தேவையில்லை, பெற்றோர் சம்மதக் கடிதமும் வேண்டாம். வயதைப் பொய் சொல்லக்கூடாது, கேட்டால் அடையாள அட்டையைக் காட்டவேண்டும். புது அட்டையின் 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு; பழையதில் முதல் இரண்டு இலக்கம் அந்த ஆண்டின் கடைசி இரண்டு. இதைக் கடைக்காரருக்கும் சொல்லிக்கொடுங்கள், பிறகு "தெரியாது" என்ற பேச்சுக்கு இடமிராது.

தனிச் சிகரெட் விற்பதை லைசன் நிபந்தனையிலேயே தடுங்கள். பிள்ளைகள் கையில் பெட்டி வாங்கக் காசிராது, ஒன்றுக்குத்தான் இருக்கும். 2016இல் தடைசெய்த புகையற்ற (மெல்லும் வகைப்) புகையிலைப் பொருட்களை லைசன் பட்டியலில் போட்டுவிடாதீர்கள்; தடைப்பட்ட பொருளுக்குச் சபையே அனுமதி கொடுத்ததாகிவிடும்.

குளக்கட்டு:
பாடசாலைக்கு 100 மீற்றருக்குள் லைசன் இல்லை என்று போடலாமா?

சபைக்கோப்பு:
போடலாம், ஆனால் எங்கிருந்து அளப்பதென்று எழுதுங்கள். எங்கட பள்ளிக்கூடங்களுக்கு முன்வாசல் ஒரு றோட்டில், பின்வாசல் ஒழுங்கையில், நடுவில் மைதானம். வெறுமனே "பாடசாலையிலிருந்து" என்றால் வழக்கு அந்த அளவிலேயே இழுபடும். "எல்லை வேலியின் மிகக் கிட்டிய இடத்திலிருந்து கடை வாசல் வரை நேர்கோட்டில்" என்று போடுங்கள். ஏற்கெனவே உள்ள கடைகளுக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தால் சபையில் வாக்கும் சேரும்.