டகோமாவுக்கு ராக் ஸ்லைடர் தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

முதல் பகிர்வு: சாக்ரமெண்டோ, கலிபோர்னியா

நண்பர்களுக்கு வணக்கம். டொயோட்டாவின் டகோமா பிக்கப்புக்கு ராக் ஸ்லைடர், அதாவது கதவுகளுக்குக் கீழே பாறையின் அடியைத் தாங்குவதற்காக மாட்டும் உலோகப் பைப், வாங்க எண்ணுகிறவர்கள் அது எத்தனை தடிமன், விலை என்ன, எந்த நிறத்தில் கிடைக்கும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். சியரா நெவாடா மலைப் பாதைகளில் பல ஆண்டுகளாக ஓட்டிவரும் நான், இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பேன். வண்டியின் எடை ஸ்லைடரின் மீது இறங்கும்போது அந்த எடை அங்கிருந்து எங்கே போகிறது? இதற்குத் தெளிவான விடை கிடைக்காத எந்தப் பொருளையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் வண்டியில் மாட்டமாட்டேன்.

சியரா நெவாடாவில் உள்ள ரூபிக்கான் என்னும் பாறைப் பாதையில் எங்களுக்கு முன்னால் சென்ற ஒரு பிக்கப்பில், ஏறி இறங்குவதற்காக மாட்டப்படும் சாதாரணக் கால்படிகள் இருந்தன. பார்வைக்கு அவை ஸ்லைடர்களைப் போலவே கறுப்பு நிறத்தில், உருண்டையான பைப்பில் செய்யப்பட்டிருந்தன. லூன் ஏரியைத் தாண்டிய பிறகு வரும் கிரானைட் பாறைகளில் ஒன்றின் மேல் ஏறிய பின் டயர் பக்கவாட்டில் வழுக்கி இறங்க, வண்டியின் ஒரு பக்கம் முழுவதும் அந்தக் கால்படியின் மேல் உட்கார்ந்துவிட்டது. இறங்கிச் சென்று குனிந்து பார்த்தோம். கால்படி மேல்நோக்கி மடங்கி, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலுக்குள் ஒரு கையளவுக்குப் புகுந்திருந்தது. அதைத் தாங்கியிருந்த பிராக்கெட்டின் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு கிழிந்து, பெயின்ட் செதில் செதிலாக உரிந்து நின்றது. பின் கதவு திறக்கவில்லை. அடுத்து அதே பாறையில் ஸ்லைடர் பொருத்திய வண்டி ஒன்று ஏறியது. அதுவும் அதே இடத்தில்தான் வழுக்கியது. கிறீச்சென்ற ஓசையோடு பாறையின் மேல் ஓரடி தூரம் சறுக்கி, டயர் தரையைத் தொட்டதும் தன் வழியே போய்விட்டது. ஸ்லைடரின் அடியில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்ததைத் தவிர வேறு சேதம் எதுவும் இல்லை.

காரணம் எளியது. டகோமாவில் வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ் வேறு, ஆட்கள் உட்காரும் கேபின் வேறு. கேபின் ரப்பர் மவுன்ட்களின் மேல் சேசிஸில் அமர்ந்திருக்கிறது. கால்படி கேபினின் மெல்லிய தகட்டில் தொங்குகிறது. ஆகவே பாறையின் அடி நேராகத் தகட்டுக்குப் போகிறது. ஸ்லைடரின் கால்கள் சேசிஸோடு பிணைக்கப்பட்டிருப்பதால் அடியைச் சேசிஸ் வாங்கிக்கொள்கிறது. ஒன்றும் ஏற்றாமலேயே ஏறத்தாழ இரண்டு டன் எடை கொண்ட இந்த வண்டி, தண்ணீர், கூடாரம், கருவிகள் எல்லாம் ஏற்றினால் இரண்டரை டன்னை நெருங்கும். அதன் ஒரு பக்கம் மொத்தமும் அரையடி உயரத்திலிருந்து விழும்போது ஏற்படும் தாக்கம், அசையாமல் நிற்கும் எடையைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மனத்தில் கொள்ளவேண்டும்.

நீளமான வண்டி வைத்திருப்போருக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு கதவு ஜீப் ராங்ளரின் முன் பின் ஆக்சில்களுக்கு இடையே 96.8 அங்குலம்தான், மூன்றாம் தலைமுறை டகோமாவின் நான்கு கதவு வகையான டபுள் கேப்பில் நீளம் குறைந்த சரக்குப் பெட்டி கொண்டதற்கே அது 127.4 அங்குலம். ராங்ளர் தாண்டிவிடும் பாறையில் நம் வண்டியின் நடுவயிறு தட்டத்தான் செய்யும். ஆகையால் ஸ்லைடரை எப்போதோ நேரும் விபத்துக்கான காப்பாக மட்டும் கருதாமல், வேண்டுமென்றே பாறையில் சாய்த்துச் சறுக்கிக் கடப்பதற்கான உறுப்பாகவும் கருதித் தேர்வு செய்யவேண்டும்.

கடையிலோ பட்டறையிலோ ஸ்லைடரைப் பார்க்கும்போது நான் முதலில் திருப்பிப் போட்டுக் கால்களைத்தான் பார்ப்பேன். காலின் முனையில் உள்ள தகடு சிறிதாக இருந்தால், விழும் எடை முழுவதும் சேசிஸின் ஒரே இடத்தில் குவிந்து அந்த இடத்தையே நெளித்துவிடும். தகடு நீளமாக இருந்து, காலுக்கும் அதற்கும் இடையே முக்கோணத் தாங்கு தகடுகளும் வெல்டு செய்யப்பட்டிருந்தால் எடை பரவும். ஸ்லைடர் வெளிப்பக்கம் எவ்வளவு நீண்டு நிற்கிறதோ, அந்த அளவுக்குச் சேசிஸை முறுக்கும் விசையும் கூடும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2005 முதல் 2023 வரையிலான டகோமாக்களின் சேசிஸ் முன்பகுதியில் மூடிய பெட்டியாகவும், பின்பகுதியில் ஒரு பக்கம் திறந்த வடிவிலும் இருக்கிறது. கடைசிக் கால் எங்கே உட்காருகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

பைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சந்தையில் இரண்டு வகை உண்டு. இரும்புப் பட்டையை உருட்டி விளிம்பை மின்சாரத்தால் ஒட்டவைத்துச் செய்வது ஒன்று. அப்படிச் செய்த பைப்பையே உள்ளே ஓர் உருளையை நுழைத்துக் குளிர்ந்த நிலையில் இழுத்துச் சீராக்குவது மற்றொன்று, இதைத்தான் டி.ஓ.எம். என்கிறார்கள். இரண்டாவது வகையில் சுவர் எங்கும் ஒரே தடிமனாக இருக்கும். வளைவதற்கு முன் அதிக விசையையும் தாங்கும். 1.75 அங்குல விட்டமும் 0.120 அங்குலச் சுவரும் பலரும் வாங்கும் அளவு. கையில் உள்ள பணத்துக்கு உட்பட்டு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், கால்கள் நன்றாக அமைந்த சாதாரணப் பைப்பையே நான் எடுப்பேன். உயர்ந்த பைப்பை பலவீனமான கால்களில் நிறுத்துவதால் ஒரு பயனும் இல்லை. அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் மென்மையான அந்த உலோகம் பாறையில் பதிந்து பிடித்துக்கொள்ளும். இரும்பைப் போல் வழுக்கிக்கொண்டு போகாது.

இரண்டாம் பகிர்வு: டென்வர், கொலராடோ

சாக்ரமெண்டோ நண்பர் கால்களைப் பற்றி எழுதியது முழுவதும் சரி. நான் வடிவத்தைப் பற்றிச் சிறிது சேர்க்க விரும்புகிறேன்.

ஸ்லைடரின் பின்முனை வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும் அமைப்பைக் கிக்-அவுட் என்பார்கள். இது எனக்குப் பழகிய பிறகு, கிக்-அவுட் இல்லாத ஸ்லைடரை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கத்துக் காட்டுப் பாதைகளில் நெருக்கமான வளைவுகள் அதிகம். முன் டயர் வளைவைக் கடந்த பிறகும் பின் டயர் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வருவதால், பெரும்பாலும் சரக்குப் பெட்டியின் கீழ்த் தகடுதான் மரத்திலோ பாறையிலோ மோதும். பிக்கப்பில் ஸ்லைடர் கேபினோடு முடிந்துவிடுகிறது. பெட்டிக்கு அடியில் எந்தக் காப்பும் கிடையாது. கிக்-அவுட் இருந்தால் அந்த வளைவு முதலில் பாறையைத் தொட்டு, வண்டியின் பின்பகுதியை மெதுவாக வெளியே தள்ளிவிடும். யூட்டா மாநிலத்து மோவாபில் ஹெல்ஸ் ரிவெஞ்ச் என்னும் பாறைப் பாதையில் ஓட்டியவர்களுக்கு இது புரியும். அங்குள்ள மணற்பாறையில் டயர் அபாரமாகப் பிடிக்கும். அதனாலேயே ஓட்டுநர்கள் துணிந்து ஒரு பக்கத்தைப் படிக்கட்டு போன்ற விளிம்புகளில் சாய்த்துத் திருப்புகிறார்கள். அப்போது வண்டி சுழல்வதற்கான ஊன்றுபுள்ளி ஸ்லைடர்தான்.

அடுத்தது சாய்வு. தரைக்கு இணையாகக் கிடக்கும் ஸ்லைடரில் கால்வைத்து ஏறுவது எளிது. குழந்தைகளோடும் பெற்றோரோடும் பயணம் செய்பவர்களுக்கு அது பெரிய வசதி. மேல்நோக்கி 10 முதல் 20 பாகை வரை சாய்ந்திருக்கும் ஸ்லைடர் தரையிலிருந்து சற்று உயரே நிற்பதோடு, பக்கவாட்டில் வரும் பாறையிலிருந்து கதவின் அடிப்பகுதியையும் காக்கும். பாறைப் பாதைகளில் ஓட்டுவதே முதன்மை நோக்கம் என்றால் சாய்ந்ததை வாங்குங்கள். என் தாயார் எங்களோடு வரும்போது ஏறுவதற்குச் சிரமப்படுகிறார் என்பதால் நான் தட்டையான ஸ்லைடரையே வைத்திருக்கிறேன். அதன் மேல் சொரசொரப்பான தகடும் பொருத்தியிருக்கிறேன்.

வண்டியை மிக உயரமாகத் தூக்கக்கூடிய ஹை-லிஃப்ட் ஜாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஸ்லைடர் நல்ல தூக்குமிடம்தான். ஆனால் அங்கே பிடித்துத் தூக்கினால் ஸ்பிரிங் விரிந்துகொண்டே போகும். கேபின் மிக உயரமாக எழுந்த பிறகுதான் டயர் தரையை விட்டு எழும். அந்த உயரத்தில் வண்டி எந்தப் பக்கமும் சாயக்கூடும். தூக்குவதற்கு முன்பே ஆக்சிலைப் பட்டையால் சேசிஸோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இவ்வளவு உயரம் தேவைப்படாது. உருண்டைப் பைப்பில் ஜாக்கியின் நாக்கு நழுவும் என்பதால், அதற்கென்று செய்யப்பட்ட அணைப்புத் துண்டு இல்லாமல் தூக்காதீர்கள். வண்டிக்கு அடியில் யாரும் கை வைக்கவே கூடாது.

மூன்றாம் பகிர்வு: கிளீவ்லேண்ட், ஓஹாயோ

இங்கே குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்புக் கொட்டுவார்கள். எங்கள் கவலை பாறையைவிடத் துருவைப் பற்றியது. போல்ட் போடுவதா, வெல்டு செய்வதா என்று கேட்டால், வெல்டு உறுதியானது என்று மேற்கில் ஓட்டுபவர்கள் சொல்வார்கள். உறுதியானதுதான், ஆனால் அந்தச் சூட்டில் சேசிஸின் உட்புறப் பூச்சு கருகிவிடுகிறது. வெளியே பெயின்ட் அடித்து மறைத்துவிடலாம். உள்ளே துரு பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. வெல்டு செய்தே தீரவேண்டும் என்றால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சேசிஸ் ஓரமாகச் செல்லும் பிரேக் குழாயையும் எரிபொருள் குழாயையும் மறைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். வெல்டு முடிந்து ஆறியதும், சேசிஸின் துளைகள் வழியாக உள்ளே மெழுகுப் பூச்சு தெளிக்கவேண்டும். சேசிஸுக்குக் குறுக்கே மேலிருந்து கீழாக வெல்டு இழுக்கும் பட்டறைக்காரரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

பழைய டகோமா வாங்கியவர்கள் ஸ்லைடரைப் பற்றி யோசிப்பதற்கு முன் சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 2005 முதல் 2010 வரையிலான டகோமாக்களின் சேசிஸ் துரு தொடர்பாக 2016இல் அமெரிக்காவில் பெரிய வழக்கு சமரசமே நடந்திருக்கிறது. மெலிந்துபோன சேசிஸில் எத்தனை நல்ல ஸ்லைடரைப் பிணைத்தாலும் முதல் அடியில் தகட்டோடு பிய்ந்து வரும்.

பவுடர் கோட்டிங்கா, பெயின்டா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் புதிதில் மிக அழகு. பாறை ஓர் இடத்தில் பெயர்த்துவிட்டால் ஈரம் அந்த ஓரத்தில் நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே துரு ஊர்ந்து பரவுகிறது. பிறகு சுரண்டி எடுப்பது பெரிய வேலை. பூச்சில்லாத இரும்பாக வாங்கி, நானே பிரைமரும் கறுப்புப் பெயின்டும் அடித்துக்கொண்டேன். பயணம் முடிந்ததும் கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்துத் துடைத்து, ஸ்பிரே டப்பாவால் அடித்தால் போதும்.

சாக்ரமெண்டோ நண்பரிடம் ஒரு சந்தேகம்: ஸ்லைடருக்கும் ராக்கர் பேனலுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு விடவேண்டும்? ஒட்டி இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கிறதே?

மறுமொழி: சாக்ரமெண்டோ

நண்பரே, ஒட்டவே கூடாது. ரப்பர் மவுன்ட்களின் மேல் இருக்கும் கேபின் மேடுபள்ளங்களில் சேசிஸைவிட்டுச் சற்று அசையும். பாறையில் விழும்போது ஸ்லைடரும் கொஞ்சம் மேல்நோக்கி வளையும். இரண்டுக்கும் இடம் இல்லையென்றால் ஸ்லைடரே ராக்கர் பேனலை இடித்துவிடும். என் வண்டியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். சேறும் சிறு கற்களும் அங்கே தங்கும் என்பதால், திரும்பி வந்ததும் தண்ணீர் பீச்சிக் கழுவிவிடவேண்டும்.

போல்ட் வகை வாங்குவதாக இருந்தால் இன்னொன்றும் செய்யுங்கள். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கிய பிறகு, நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் கரடுமுரடான பயணத்துக்குப் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால், எந்த நட்டில் கோடு முறிந்து விலகியிருக்கிறதோ அதுதான் தளர்ந்தது. அதை மறுபடி முறுக்கிப் புதுக் கோடு இழுத்துக்கொள்ளலாம்.